சுவிட்சை அணைத்திருந்தாள்

வார்டோ,
27 செப்டம்பர் 1964

அன்புள்ள வில்ஃப் மச்சானுக்கு,

ஓட்வார் எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே அம்மா, நீ, கடை எல்லாம் நலமாக இருக்க வேண்டும். வழக்கமாக டோரீன் எழுதுவாள், நான் கடைசியில் ஒரு கையெழுத்துப் போடுவேன். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. அவள் திருத்தாத என் இங்கிலீஷில் தப்பு நிறைய இருக்கும். சிரித்துக்கொண்டே படி, ஆனால் உன் தங்கையிடம் போட்டுக் கொடுத்துவிடாதே.

போன குளிர்காலத்தைப் பற்றி அவள் உங்களுக்கு எழுதியது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். நவம்பர் கடைசியில் இந்த வடகோடியில் சூரியன் போய்விடும், ஜனவரியில்தான் திரும்பும். எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அவளுக்கு இத்தனை வருஷம் ஆகியும் பழகவில்லை, வருஷத்துக்கு வருஷம் மோசமாகிறது. மகள் ஆஸ்த்ரி பள்ளியிலிருந்து வரும்போது அடுக்களையில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் பதில் வராது. குழந்தை பழகிப்போய், அம்மாவைத் தொந்தரவு செய்யாமல் மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் படிக்கும்.

ஜனவரியில் ஒருநாள் நான் மீன் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அவள் வீட்டில் இல்லை. துறைமுகத்து அலைதடுப்புச் சுவரின் முனையில், வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். "கடல் இருக்கான்னு பாக்க வந்தேன். ஒண்ணுமே தெரியல" என்றாள். நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஊர் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இவங்களுக்கு வேண்டியது வெளிச்சம். அது எங்கிட்ட இல்ல."

அதற்குத்தான் இந்தக் கடிதம். எங்கள் தொழிற்சாலையில் மீன் வெட்டும் மேஜைக்கு மேலே ட்யூப்லைட் போட்டிருக்கிறார்கள். வசந்தத்தில் டோரீன் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், அதன் அடியிலேயே நின்றுவிட்டாள். "எங்க கடை ஜன்னல் மாதிரி இருக்கு" என்றாள். முகமே மாறிவிட்டது. இங்கே கடையில் கேட்டேன். தெற்கிலிருந்து வரவழைக்க வேண்டுமாம், கிறிஸ்துமஸ் தாண்டித்தான் வருமாம். அதற்குள் இருட்டு வந்துவிடும், மச்சான். நீ விளக்குக் கடை வைத்திருப்பவன். எங்கள் அடுக்களைக்கு உன்னால் ஏதாவது அனுப்ப முடியுமா? எந்த ஊர் விளக்கு எந்த ஊர் வீட்டில் பொருந்தும் என்பது எனக்குத் தெரியாது. உனக்கே தெரியும், நான் உங்கள் கடைக்கு முதல்முதலாக வந்ததே பொருந்தாத பல்பு வாங்கத்தானே.

இன்னொரு குளிர்காலத்தை அவள் தாங்குவாளா என்று பயமாக இருக்கிறது. வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன்.

உன்
ஓட்வார்


ஹல்,
11 அக்டோபர் 1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் இங்கிலீஷ் உன் பல்பு ஞானத்தைவிட மேல், கவலைப்படாதே. அம்மா இப்போதும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நீ மாலுமியாக இருந்த கப்பலின் அறையில் இருந்தது திருகுகிற ஹோல்டர். நீ வாங்கிப்போனது எங்கள் ஊர் அழுத்தித் திருப்புகிற பல்பு. பொருந்தவில்லை என்று திரும்ப வந்தாய். சரி, மாற்றிக் கொடுத்தோம். மறுநாள் அதே தப்பான பல்பை மறுபடி வாங்கிக்கொண்டு போனாய் பார், அப்போதே அப்பா சொன்னார்: "டேய் வில்ஃப், இவன் பல்புக்கு வரல."

உன் கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறேன். ஆனால் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் எங்களுக்கு எழுதுவதெல்லாம் ஆஸ்த்ரிக்குப் பல் விழுந்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, இவ்வளவுதான். அவளை இங்கே அனுப்பு என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். உன்னை விட்டு வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் அப்படி என்னத்தைக் கண்டாளோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா காலமான பிறகு கடையைக் கொஞ்சம் புதுப்பிக்கிறேன். ஜன்னலில் மாட்டியிருந்த ஐந்தடி நீள ட்யூப்லைட் பட்டி நான்கையும் இறக்கிவிட்டேன். டோரீன் அந்த வெளிச்சத்தில் வளர்ந்தவள். அதையே அனுப்புகிறேன். இப்போது கவனமாகப் படி. இந்த ட்யூபுக்கு உங்கள் ஊர் ட்யூப் மாதிரி முனையில் இரண்டு குச்சி கிடையாது. எங்கள் குண்டு பல்பு மாதிரியே, இரண்டு முனையும் அழுத்தித் திருப்புவது. இந்த மாதிரியை எங்களைத் தவிர வேறு யாரும் செய்வதில்லை, நாங்களும் இப்போது விட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர் ட்யூப் இந்தப் பட்டியில் ஏறாது, இந்த ட்யூப் உங்கள் ஊர்ப் பட்டியில் ஏறாது. ஆகவே கையிருப்பில் இருக்கும் ஒரு டஜன் ட்யூபையும் சேர்த்தே அனுப்புகிறேன். வருஷக்கணக்கில் வரும்.

உங்கள் மின்சாரம் எங்களுடையதைவிடக் கொஞ்சம் சோனி. பட்டிக்குள் இருக்கும் சோக் எங்கள் அளவுக்குச் செய்தது. அதனால் குளிரில் எழுந்திருக்க அடம்பிடிக்கும், நான்கு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் எரியும். அடுப்பை முதலில் மூட்டு. மற்றபடி மின்சாரம் எங்கேயும் மின்சாரம்தான். இரண்டு கம்பியைக் கொடுத்தால் விளக்கு எரியும்.

வடகடலுக்குப் போகும் மீன்பிடிக் கப்பல் ஒன்றில் என் சிநேகிதன் இருக்கிறான். வார்டோவில் கரி ஏற்ற நிற்கும்போது இறக்கிக் கொடுப்பான். வைக்கோல் வைத்துக் கட்டியிருக்கிறேன். உடைந்தால் கடலைத் திட்டு, என்னைத் திட்டாதே.

அன்புடன்,
வில்ஃப்


வார்டோ,
8 நவம்பர் 1964

அன்புள்ள மச்சானுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. பன்னிரண்டில் ஐந்து பொடிப்பொடி. கடலைத் திட்டினேன், உன்னையும் கொஞ்சம் சேர்த்துத் திட்டினேன். நான்கை மாட்டியாகிவிட்டது, மூன்று பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

டோரீனிடம் சொல்லாமல் மாட்டிவிட நினைத்தேன், முடியவில்லை. பெட்டியின் மேலே கடைப் பெயரைப் பார்த்ததுமே தரையில் உட்கார்ந்து, வைக்கோலைப் பிரித்து, பட்டியைத் தடவிப் பார்த்தாள். ஒன்றின் ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. "இது நான் பொம்மைய விட்டெறிஞ்சு பட்டது" என்றாள். பிறகு அழுதாள். நல்ல அழுகைதான்.

தொழிற்சாலை எலெக்ட்ரீஷியன் யால்மர் வந்து கம்பி கொடுத்தான். நான்கு பட்டிக்கும் கதவோரம் ஒரே சுவிட்ச். ட்யூப் முனையைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். "இங்கிலீஷ்காரன் எதையும் மத்தவன் மாதிரி செய்யமாட்டானா?" என்றான். உன் சார்பில் டோரீன் அவனை ஒரு பிடி பிடித்தாள். நான் ட்யூபை மாட்டும்போது எனக்கும் திட்டு விழுந்தது. ஒவ்வொரு தடவை ஏணியில் ஏறுவதற்கு முன்னும் நான் நடைக்குப் போய், ஃப்யூஸ் கட்டை இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். பல்பு மாற்றினாலும் அப்படித்தான். இங்கே எல்லோரும் அப்படித்தான். டோரீன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "எங்கப்பாவா இருந்தா இந்நேரம் நாலையும் மாட்டி, டீயும் குடிச்சிட்டு, கணக்கும் எழுதியிருப்பாரு. நீ இன்னும் நடைக்கும் அடுக்களைக்கும் நடந்துட்டிரு."

போட்டதும் என்ன ஆயிற்று என்று கேள். நான்கும் சிமிட்டின, ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. அடுக்களையில் நிழலே இல்லை. நான் நான்கு வருஷமாகத் துடைக்காமல் விட்ட மூலை எல்லாம் தெரிந்துவிட்டது, அதற்கும் திட்டு. ஆஸ்த்ரி தன் பாடப் புத்தகத்தை மாடிப்படியிலிருந்து எடுத்துவந்து மேஜையில் பரப்பினாள். துறைமுகத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீடு தனியாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன, வீட்லயே மீன் வெட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். டோரீன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். மச்சான், இரண்டு வருஷத்தில் அவள் ஒருவரை வீட்டுக்குள் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

நன்றி சொல்ல எனக்கு வராது. ஒரு கட்டுக் கருவாடு அனுப்புகிறேன்.

உன்
ஓட்வார்


ஹல்,
28 நவம்பர் 1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கும், தங்கச்சிக்கும், பல் விழுந்த மருமகளுக்கும்,

இந்தக் கடிதத்தை டோரீன் உரக்கப் படிக்கட்டும். நீ படித்தால் பாதி நகைச்சுவை கடலில் போய்விடும்.

கருவாடு வந்தது. கடைக்குள் வைத்தேன், வாடிக்கையாளர்கள் வெளியே நின்றார்கள். சம்மட்டியால் அடித்து, இரண்டு நாள் ஊறவைத்து அம்மா சமைத்தாள். பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் இப்போது எனக்குச் சிநேகம்.

ஓட்வார், அந்த ஃப்யூஸ் கட்டை விஷயத்தைப் படித்து நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். சுழற்காற்றில் கடலுக்குப் போன ஆள், ஒரு ட்யூபைத் தொட இத்தனை சடங்கா? சுவிட்சை அணைத்தால் அணைந்ததுதானப்பா, அதற்குத்தானே அதைச் சுவரில் வைத்திருக்கிறார்கள். டோரீன், உன் வீட்டுக்காரரை ஏணியிலிருந்து இறக்கிவிட்டு நீயே ஏறு. நம் வீட்டில் பத்து வயதிலேயே நீ என்னைவிட வேகம்.

ஒரு விஷயம். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அந்த ஹோல்டர் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். ட்யூப் சிமிட்டிக்கொண்டே இருந்தால் புது ட்யூபை எடுக்காதீர்கள், அது ட்யூபின் குற்றம் இல்லை. டோரீன், அப்பா செய்த மாதிரி செய். உனக்குத்தான் தெரியுமே.

கோடையில் நானே வருகிறேன். அணையாத சூரியனைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை ஃப்யூஸ் கழற்றும் அழகையும் பார்க்க வேண்டும். அம்மாவின் முத்தங்கள், மூன்று பேருக்கும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

வில்ஃப்


வார்டோ,
20 டிசம்பர் 1964

வில்ஃப்,

தந்தியில் எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன். நீ இதைத் தனியாகப் படி. அம்மாவிடம் தந்தியில் இருந்தது மட்டும் போதும்: மின்சாரம் தாக்கி டோரீன் இறந்துவிட்டாள் என்று.

எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. மேஜைக்கு மேலே இருந்த ட்யூப் இரண்டு நாளாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் வேலைக்குப் போய்விட்டேன். மதியம் ஆஸ்த்ரி பள்ளியிலிருந்து வந்தபோது அடுக்களை இருட்டாக இருந்தது, ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டிருக்கிறாள், பதில் இல்லை. அம்மா பழையபடி இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். தொந்தரவு செய்யக்கூடாது என்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் வரும்வரை அங்கேயேதான் இருந்தாள். நான்தான் அடுக்களைக்குள் போனேன்.

நாற்காலிக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் கிடந்தாள். ட்யூபைக் கழற்றி மேஜை மேல் துணி விரித்து வைத்திருந்தாள். தொட்டிக்குள் உருளைக்கிழங்கு தோல் சீவித் தண்ணீரில் கிடந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. நடையில் ஃப்யூஸ் இரண்டும் அப்படியே இருந்தன. அவள் வலது கையில் ஒரு சின்ன எஃகு அரம் இருந்தது, நகம் தேய்ப்பது, கைப்பிடி உடைந்தது. அவள் துணிமணியோடு ஹல்லிலிருந்து கொண்டுவந்தது. அதன் முனை கருகியிருந்தது. ஹோல்டருக்குள் நுழைத்திருக்கிறாள், வில்ஃப்.

காவல் அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். "நடந்தது விபத்துன்னே எழுதறேன் ஓட்வார். ஆனா உங்கிட்ட நான் பொய் சொல்லமாட்டேன். ஃப்யூஸ் கழட்டாம ஹோல்டருக்குள்ள இரும்ப விடுறது இந்த ஊர்ல சின்னப் பிள்ளைகூடச் செய்யாது. அவ விளக்குக் கடைக்காரர் மக" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? அவள் அலைதடுப்புச் சுவரில் நின்றதைப் பார்த்த நான்கு பேரில் அவரும் ஒருவர்.

எட்டு வருஷமாக நான் ஒவ்வொரு தடவையும் ஃப்யூஸைக் கழற்றுவதைப் பார்த்தவள். மின்சாரத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவள். அப்படியானால் தெரிந்தேதான் செய்திருக்கிறாள். விளக்கு வந்த பிறகு அவள் சிரித்ததெல்லாம் எனக்காகச் சிரித்ததா? காப்பி கொடுத்ததெல்லாம் நான் பார்ப்பதற்காகவா? ஒரு மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று அவள்மேல் கோபம் வருகிறது. கல்லறைப் பக்கம் போனால்கூட அந்தக் கோபம் போவதில்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பள்ளியில் ஒரு பையன் ஆஸ்த்ரியிடம், "உங்கம்மா தானாவே செத்துப்போனா, உன்னப் பிடிக்காமத்தான்" என்று சொல்லியிருக்கிறான். வந்து என்னிடம், "பிடிக்கலையா?" என்று கேட்டாள். பிடிக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் கேட்பதே இல்லை.

ஓட்வார்


ஹல்,
6 ஜனவரி 1965

ஓட்வார்,

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். மறைக்கப் பார்த்தேன், என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. தந்தி வந்த நாளிலிருந்து அவள் படுத்த படுக்கை, யாரிடமும் பேச்சில்லை. கடிதத்தை நீட்டி, "படி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். படித்தேன். அரம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"திரும்பப் படி."

படித்தேன்.

"கைப்பிடி ஒடஞ்சதுன்னா எழுதியிருக்கான்?"

"ஆமாம்மா."

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "டேய், அது நகம் தேய்க்கிறதா? ஒரு காலத்துல என்னோடது. உங்கப்பா எங்கிட்டேருந்து எடுத்துட்டுப் போயி, ஹோல்டரச் சொரண்டிச் சொரண்டி, கைப்பிடிய ஒடச்சு, முப்பது வருஷம் சட்டப் பைலயே வெச்சிருந்தாரு. கல்யாணம் பண்ணிப் போறப்ப அவ அதத்தான் கேட்டு வாங்கிட்டுப் போனா. எம் பொண்ணு சாகப் போகலடா. சுத்தம் பண்ணப் போயிருக்கா."

ஓட்வார், நீ இதை எனக்காக இரண்டு தடவை படிக்க வேண்டும். அழுத்தித் திருப்புகிற ஹோல்டருக்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு பித்தளைக் குமிழ் இருக்கும். உப்புப் பிடித்தால் அவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ட்யூப் சிமிட்டும். அப்பா என்ன செய்வார் தெரியுமா? சுவிட்சை அணைப்பார். ட்யூபைக் கழற்றித் துணிமேல் வைப்பார். அந்த அரத்தை உள்ளே விட்டுக் குமிழைச் சுரண்டி, அழுத்தி அழுத்தி விடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் அவர் முதலில் கற்றுக்கொடுத்த வேலையே அதுதான். நான் இன்றைக்கும் செய்கிறேன். இந்த ஊரில் சுவிட்சை அணைத்தால் அந்தக் குமிழ் வெறும் பித்தளை, அவ்வளவுதான்.

உங்கள் ஊர்க்காரருக்கு, ஃப்யூஸைக் கழற்றவில்லை என்றால் சாகப் போனாள் என்று அர்த்தம். எங்களுக்கு, சுவிட்சை அணைத்திருந்தாள் என்றால் வேறு அர்த்தம். சாகப் போகிறவள் சுவிட்சை அணைப்பாளா? ட்யூப் உருண்டு உடையக்கூடாது என்று துணி விரிப்பாளா? நான்குக்கும் ஒரே சுவிட்ச், அணைத்தால் அடுக்களை இருட்டாகிவிடும். அதனால்தான் மெழுகுவர்த்தி. அவள் இருட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. அவள் உன்னை ஏமாற்றவில்லை, ஓட்வார். சிரித்தது சிரித்ததுதான். சாயங்காலத்துக்கு உருளைக்கிழங்கு சீவி வைத்துவிட்டு, உங்களுக்கு வெளிச்சத்தைச் சரிசெய்ய நாற்காலியில் ஏறியிருக்கிறாள். இதை இன்றைக்கே ஆஸ்த்ரியிடம் சொல். அம்மா ஆணை இது.

மீதியையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும். ஏன் என்று புரியாமல் மின்வாரியத்தில் இருக்கும் ஒரு வயதான இன்ஜினீயரைப் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊரில் இரண்டு கம்பியில் ஒன்றில்தான் உயிர் இருக்கும், சுவிட்ச் அதைத்தான் வெட்டும். உங்கள் நாட்டில் பல இடங்களில் இரண்டிலும் உயிர் இருக்குமாம். ஒற்றைச் சுவிட்ச் ஒன்றை வெட்டினாலும் மற்றது அங்கேயே காத்துக்கொண்டிருக்குமாம். அதனால்தான் நீங்கள் ஃப்யூஸ் இரண்டையும் கழற்றுகிறீர்களாம். "அனுப்பறதுக்கு முன்ன என்னக் கேட்டிருக்கலாமே" என்றார். முனை பொருந்துமா, சோக் பொருந்துமா என்று பார்த்த நான் இதைக் கேட்கவில்லை. மின்சாரம் எங்கேயும் மின்சாரம்தான் என்று எழுதியவன் நான். சுவிட்சை அணைத்தால் அணைந்ததுதான் என்று எழுதியவன் நான். அப்பா செய்த மாதிரி செய் என்று எழுதியதும் நான்தான்.

கோடையில் வருகிறேன். அவளைப் பார்க்க வேண்டும். உன் முன்னால் வந்து நிற்க வேண்டும். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது எழுது.

வில்ஃப்


வார்டோ,
24 ஜனவரி 1965

வில்ஃப்,

உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடி இரண்டு தடவை படித்தேன். பிறகு யால்மரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "எனக்குத் தோணியிருக்கணும்" என்றான். காவல் அதிகாரி வீட்டுக்கு அவனே என்னோடு வந்து விளக்கினான். அவர் அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து, ஆஸ்த்ரியை எதிரில் உட்காரவைத்து, "நான் தப்பா நெனச்சுட்டேன் பாப்பா. எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றார். சொல்லிவிட்டார் என்றுதான் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து அழுதுவிட்டுப் போனாள்.

அதற்கு முன்பே நான் ஆஸ்த்ரியிடம் சொல்லிவிட்டேன். அம்மா சுவிட்சை அணைத்ததை, துணி விரித்ததை, மெழுகுவர்த்தியை எல்லாம் சொன்னேன்.

"அப்ப அம்மா லைட்டச் சரிபண்ணத்தான் ஏறினாங்களா?"

"ஆமா."

"நான் மேஜைல உக்காந்து எழுதறதுக்கா?"

"எல்லாருக்கும்தான்."

"ஆனா அது என் மேஜைக்கு மேல இருந்த லைட்டு" என்றாள். இப்போது கேட்கிறாள், அது போதும். அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி மட்டும் இன்னும் கேட்கவில்லை. கேட்பாள்.

என் கோபம் போய்விட்டது. கல்லறைக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தது நீயும் அம்மாவும்தான், அதை மறக்கமாட்டேன். அம்மாவிடம் சொல்.

உன் பங்கைப் பற்றி எழுதியிருந்தாய். நான் எதற்காக ஃப்யூஸைக் கழற்றுகிறேன் என்று டோரீனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. என் அப்பா செய்தார், நானும் செய்தேன். இங்கே யாரும் யாரிடமும் சொல்வதில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன், அவளும் கேட்டிருப்பாள். ஆகையால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு நியாயம் இல்லை.

நியாயம் இல்லை என்று தெரிந்தும் முடியவில்லை, வில்ஃப். உன் நவம்பர் கடிதத்தை அவள்தான் உரக்கப் படித்தாள். ஏணியிலிருந்து என்னை இறக்கிவிடச் சொன்ன இடத்தில் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன், அவள் முதுகில் தட்டினேன். இப்போது உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்தாலே அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது. கோடையில் நீ வந்தால் உன் குரலிலும் கேட்கும், நீ அவளைப் போலவே சிரிப்பவன். வராதே. ஆஸ்த்ரியைப் பெரியவளானதும் அம்மாவைப் பார்க்க அனுப்புகிறேன். அவள் என்னோடு சேர்ந்து யார்மேலும் மனக்கசப்பு வைக்கமாட்டாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை சூரியன் வந்தது. கோட்டையில் வழக்கம்போல் பீரங்கி முழக்கினார்கள், பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் தெருவில் ஓடினார்கள். ஆஸ்த்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று பார்த்தாள்.

பட்டி நான்கையும் இறக்கிவிட்டேன். அடுக்களையில் பழைய பல்புதான் எரிகிறது. மீதமிருந்த மூன்று ட்யூபும், கழற்றிய நான்கும், அந்த அரமும் பெட்டியில் இருக்கின்றன. இந்த ஊரில் எந்த ஹோல்டரிலும் அவை ஏறாது. உங்கள் ஊரிலும் இந்த மாதிரியை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். கடலில் போடக் கொண்டுபோனேன், கை வரவில்லை. உன் சிநேகிதனின் கப்பல் அடுத்த வாரம் இங்கே நிற்கும், அதில் கொடுத்து அனுப்புகிறேன். வைக்கோல் நிறைய வைத்துக் கட்டியிருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று எனக்கு எழுத வேண்டாம்.

ஓட்வார்